தொடாமல் விழுந்த அடி

வெள்ளைக்காரச் சர்க்காரின் உத்தரவுப்படி சேரிப் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், நிலம் வைத்திருந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஏழாம் வாய்ப்பாடு வராத நான்தான் ஊர் மானத்தைக் காக்க எல்லோருக்கும் முன்னால் வீராப்பாக வெளியேறினேன். ஒரு வருஷம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எருமை மேய்த்தேன். வேறு பள்ளிக்கூடம் கிடைக்காமல் ஊர் இறங்கிவந்தது. திரும்பிப் போனால், சேரிப் பையன் ஒருவன் எங்களுக்குச் சட்டாம்பிள்ளை, கையில் பிரம்பு. அதே வாய்ப்பாட்டில் முழித்தேன். விளாசிவிட்டான்.

வீங்கிய கையைக் காட்டி, அடித்தது யாரென்று சொன்னதும் அப்பா பதறினார்.

“இன்னாடா, உன்ன தொட்டானா?”

“இல்ல நைனா, பிரம்பாலதான் அடிச்சான்.”

“அப்ப சரி” என்றார், நிம்மதியாக.

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஏழாம் வாய்ப்பாடே ஏறாத மண்டையில் அது மட்டும் எப்படித்தான் ஏறியதோ!