ஷூ கம்பெனி கேட்டில் ஹெல்மெட் சட்டம்

கேட்டைத் திறப்பது சுலபம். யாருக்குத் திறக்கக்கூடாது என்பதில்தான் வாட்ச்மேன் வேலையின் கஷ்டமே இருக்கிறது. கேட்டில் நின்றவர்களுக்கு இது புரியும். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாக நிற்கிறேன். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டி வருபவரை உள்ளே விடக்கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டுப் போனது. கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. தடுத்து நிறுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கோ யாரையும் அதட்டிப் பழக்கமில்லை.

ஆறு குறைந்தது

முதல் வாரத்தில் ஒரு காலை 84 வண்டிகள் வந்தன. 84 தலையிலும் ஹெல்மெட். மத்தியானம் வண்டி ஷெட்டில் எண்ணினால் 78 ஹெல்மெட்தான் இருந்தது. மறுபடி எண்ணினேன், அதே 78.

மறுநாள் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். பச்சை பெயிண்ட் தெறித்த ஒரு ஹெல்மெட், எட்டு மணிக்குள் ஏழு முறை, ஏழு தலைகளில் உள்ளே வந்தது. கடைசி முறை தவிர ஒவ்வொரு முறையும் மதில் மேல் ஏறி எதிர் டீக்கடைக்குத் திரும்பிப் போயிருக்கிறது. டீ மாஸ்டரைக் கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"தலைய கேட்டுல மட்டும்தானே பாக்குறீங்க? அதான் கேட்டுக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கோம்."

என் சைக்கிள்

நான் கண்டுபிடித்தது தெரிந்ததும் ஆறு பேர் சொந்தமாக வாங்கிவிட்டார்கள். ஏழாவது ஆள், கட்டிங் செக்‌ஷன் அஸ்லம், வாங்கவில்லை. இரண்டு முறை அவன் பெயரை நோட்டில் எழுதினேன். மூன்றாவது முறை எழுதினால் ஒரு வாரம் வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

"என் தலை, என் இஷ்டம். வுழுந்தா நான்தானே வுழறேன்?" என்றான்.

"உன் நல்லதுக்குத்தானேப்பா சட்டம்."

மதிலில் சாய்த்திருந்த என் சைக்கிளைக் காட்டினான். "நீங்களும் வெறும் தலையோடதான் வர்றீங்க."

"சைக்கிளுக்குச் சட்டம் இல்லையே."

"அப்ப உங்க நல்லது கவர்மெண்ட்டுக்கு வேணாமா பெரியவரே?"

பத்தடி தூரம்

ஒரு திங்கட்கிழமை அஸ்லம் கேட்டுக்குப் பத்தடி முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினான். வெறும் தலை. பின்சீட்டில் அவன் மனைவி ஷாஹினா. ஸ்டிச்சிங்கில் வேலை செய்கிற பெண். முக்காட்டின் மேல் புது ஹெல்மெட் போட்டிருந்தாள். நோட்டை எடுத்தேன், எழுதக் கை வரவில்லை.

"ஒண்ணுதான் வாங்க முடிஞ்சுது. இவளுக்கு மாட்டிட்டேன். எழுதறதுன்னா எழுதிக்கோங்க," என்றான்.

"உன் தலைக்கு வேண்டாத ஹெல்மெட் அவ தலைக்கு எதுக்குப்பா?" தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவன் திரும்பி அவள் ஹெல்மெட் வாரை இறுக்கினான்.

நோட்டீஸை இன்னொரு தடவை படித்தேன். 'கேட்டுக்குள் வண்டி ஓட்டி வருபவர்' என்றுதான் இருந்தது. கேட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி நிற்பவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏம்மா, உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் தாத்தா. லைசென்ஸும் இருக்குது."

அஸ்லம் இறங்கினான். அவள் ஓட்டி வந்தாள். அவன் பின்னால் நடந்து வந்தான். ஹெல்மெட்டோடு ஓட்டி வந்தவர் ஒருவர், நடந்து வந்தவர் ஒருவர் என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. என்னைத் தாண்டும்போது ஷாஹினா வேகத்தைக் குறைத்தாள்.

"ரோட்டுல ஒரு கவர்மெண்ட்டு, வூட்ல ஒரு கவர்மெண்ட்டு. ரெண்டும் என் நல்லதுக்குத்தான் சொல்லுது, ஆனா இன்னா வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல தாத்தா."

தினமும் எத்தனை தலைகள் உள்ளே போகின்றன என்று தப்பில்லாமல் சொல்லிவிடுவேன். ஒரு தலையின் மேல் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று கேட்டால்தான் கணக்கு உதைக்கிறது.