மகளின் மூளையில் பத்து அலை

வலிப்பு வரும் பிள்ளைக்கு அம்மாவாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். பயிற்சி கொடுக்க எங்கள் விவேக் நகர் முழுக்க ஆள் இருக்கிறது, ஒரு நாள் லீவுக்கு வந்து நிற்கத்தான் ஆள் இல்லை. இதே உத்தியோகத்தில் இருக்கும் சகோதரிகளே, இது உங்களுக்கு. மற்றவர்கள் படித்துவிட்டு அறிவுரை அனுப்ப வேண்டாம்.

எண்ணெய்

என் மகள் ஷெரின் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டாம் வருடம், வகுப்பிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். டாக்டரம்மா ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார். தலையில் வயர்களை ஒட்டி, மூளையின் மின் அலைகளைத் தாளில் வரைகிற பரிசோதனை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று, அன்று காலை அவள் தலைக்கு வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிக் கூட்டிப்போனேன். கான்வென்ட் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்கு. முந்தின நாளே ஷாம்பூ போட்டு அலசி, எண்ணெய் இல்லாமல் வரவேண்டும் என்று கொடுத்த சீட்டில் எழுதியிருந்ததாம். அதை யார் படித்தார்கள்! டெக்னீஷியன் மஞ்சுநாத் ஒரு வயரை ஒட்டினார், வழுக்கியது. இன்னொன்று, அதுவும் வழுக்கியது. கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் மேடம், நான் இங்க மூளையைப் பாக்கணுமா, வடை சுடணுமா?"

நல்ல பெண்

அடுத்த வாரம் உலர்ந்த தலையோடு போனோம். அலைகளுக்கு நடுவே ஊசி ஊசியாக நின்றவைதான் வலிப்பின் அடையாளம் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தது, வலிப்பு நின்றது. கூடவே என் மகளின் பேச்சும் நின்றது. நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள், சாம்பாரில் உப்பு குறைந்ததற்கே வழக்கு நடத்துகிறவள், இப்போது "சரி மம்மி" என்கிறாள். "அந்த... அது..." என்று கரண்டிக்குப் பெயர் தேடுகிறாள். கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரை என்னிடம் சொல்லாமலே வாபஸ் வாங்கிவிட்டாள்.

பார்க்க வந்த என் நாத்தனார் பிலோமினாவுக்கோ ஒரே பூரிப்பு. ஷெரினின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"வாயடங்கி எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு! அந்த மாத்திரையில உனக்கும் ஒண்ணு கேட்டுப் பாரேன், லில்லி."

ஏழும் பத்தும்

டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன். இரண்டாவது ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். ஊசிகள் ஏறக்குறைய இல்லை. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவரோ வேறோர் இடத்தில் விரலை வைத்தார். விழித்திருக்கிற ஆள் கண்ணை மூடினால் மூளையின் பின்பக்கம் சீரான ஓர் அலை வருமாம். இவளுக்கு முன்பு விநாடிக்குப் பத்து வந்தது, இப்போது ஏழுதான். மாத்திரை கெட்ட அலையை அடக்கும்போது, சில பேருக்கு நல்ல அலையையும் மந்தமாக்கிவிடும் என்றார்.

வேறு மாத்திரைக்கு மெல்ல மாறலாம். ஆனால் மாறும்போது வலிப்பு திரும்பி வரலாம். சண்டைக்குப் போன நானே பின்வாங்கினேன். "ஏழே போதும் டாக்டர், பிள்ளை விழாம இருந்தா சரி" என்றேன். ஷெரின் வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"இது... என்னோட கேஸ் மம்மி. நீ... உக்காரு."

பக்கத்து சீட்டு

புதியதைக் கூட்டி, பழையதைக் குறைத்துக்கொண்டே வந்த வாரங்களில் நான் அவளை விட்டு நகரவில்லை. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தேன். கல்லூரிக்குப் போகும் பஸ்ஸிலும் பக்கத்து சீட்டில் நான்தான். அவள் கண்ணை மூடினால் போதும், தோளைப் பிடித்து உலுக்கி, "என் பேர் என்ன, சொல்லு!" என்பேன். மூன்றாவது உலுக்கலில் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதையே நிறுத்திவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏனம்மா, பொண்ணு சென்னாகி, நல்லாத்தானே தூங்குது? டாக்டர்கிட்ட நீங்க போங்க!"

மூன்றாவது தாள்

மாற்றி முடித்து மாதங்கள் ஆயின. ஒரு வலிப்பும் வரவில்லை. மூன்றாவது ஈ.ஈ.ஜி.யில் அந்தச் சீரான அலை பத்துக்குத் திரும்பியிருந்தது. ஆனால் இரண்டு மூன்று ஊசிகள் எட்டிப் பார்த்தன. எனக்கு வந்ததே கோபம்! தாளைப் பிடுங்கிக்கொண்டு, முதல் மாத்திரை இதையெல்லாம் துடைத்தே வைத்திருந்ததே என்று கத்தினேன். வைத்தியம் தாளுக்கு இல்லை, உங்கள் மகளுக்குத்தான் என்றார் டாக்டரம்மா. நான் விடுவேனா? இந்த இரண்டு ஊசியும் போயே ஆகவேண்டும் என்று மேஜையைத் தட்டினேன்.

ஷெரின் எழுந்தாள். ஓரிடத்திலும் தடுமாறாமல், ஒரே மூச்சில் பொரிந்து தள்ளினாள்.

"டாக்டர், எங்கம்மா பி.யூ.சி.யில சயின்ஸுக்குப் பயந்து ஆர்ட்ஸுக்கு ஓடினவங்க, அவங்க வாதத்தை எல்லாம் ரெக்கார்டுல ஏத்தாதீங்க. அந்தத் தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்காங்க, மொதல்ல அதைத் திருப்பிக் குடுங்க!"

மகளிடம் தினமும் திட்டு வாங்குவதைச் சம்பளமாக வைத்துக்கொண்டு ஒருத்தி சந்தோஷமாகப் பார்க்கும் உத்தியோகம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.