பத்துக்கு எவ்வளவு

நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, இந்த வயதில் எதற்கு என்பதுதான். கேட்டவருக்கு முப்பத்தைந்து இருக்கும். எனக்கு நாற்பத்தாறு. சித்தூரில் ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக பிசியோதெரபிஸ்ட். அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே நான் பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்று அடக்கிக்கொண்டு பதில் சொன்னேன். தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கு நானே பல வருடம் செய்து பார்த்து ஒரு பயிற்சி முறை வைத்திருக்கிறேன், அது வேலை செய்கிறது, அதை நிரூபித்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்றேன். வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நோயாளிகளே சொல்கிறார்களே என்றேன். எதிரில் இருந்த மூன்று பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். இடம் கிடைத்துவிட்டது.

இறுகிய தோள்பட்டை உயிரை எடுக்கும் நோய் இல்லை. ஆனால் மனுஷியை அழ வைக்கும். தலை வார முடியாது, ரவிக்கை மாட்ட முடியாது, அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியாது. சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகம் வரும். வழக்கமான சிகிச்சையில் சூடு வைத்து, வலி அடங்கிய பிறகு மெதுவாகப் பயிற்சி தொடங்குவார்கள். நான் முதல் நாளிலேயே கையில் ஒரு சொம்பைக் கொடுத்துவிடுவேன். குனிந்து நின்று, சொம்பைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். வாரத்துக்கு வாரம் சொம்பில் தண்ணீரைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் என் முறை. அதனால் எங்கள் பக்கத்தில் எனக்குச் சொம்பு மேடம் என்று ஒரு பெயர் உண்டு. கைராசிக்காரி என்றும் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது குளிரும், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆய்வுக்கு வருகிறவர்களிடம் முதலில் சம்மதம் வாங்க வேண்டும். படிவம் தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டுமே வாசித்தால் கொட்டாவி வரும் நடையில் இருந்தன. நான் வாசித்துவிட்டு, என் பாணியில் ஒரு வரி சேர்த்துச் சொல்வேன். நான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன், நீங்கதான் எனக்குப் பரீட்சை என்பேன். உடனே முகம் மலர்ந்து கையெழுத்துப் போடுவார்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் மையை அழுத்தி வைப்பார்கள். இருபத்திரண்டு வருடம் ஜனங்களோடு பழகியவளுக்குத்தான் இப்படிப் பேச வரும், புத்தகம் மட்டும் படித்தவர்களுக்கு வராது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளவெடுப்பேன். கை எவ்வளவு தூரம் மேலே போகிறது என்று கோணமானியை வைத்துப் பார்ப்பேன். பிறகு வலியைக் கேட்பேன். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. இப்போது பத்துக்கு எவ்வளவு? ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், கையை நன்றாகத் தூக்கிக்கொண்டே, சிரித்த முகமாக பத்துக்குப் பத்து என்றார். சார், பத்து என்றால் ரொம்ப வலி என்று நான் திருத்தியதும், அப்படியானால் பூஜ்யம் போட்டுக்கோம்மா என்றார். இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு விஷயம் கண்ணில் படவே இல்லை.

எட்டு மாதத்தில் வந்த அளவுகள் அருமையாக இருந்தன. திருப்பதியில், பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு வழிகாட்டி, என்னைவிட ஒன்பது வயது சின்னவர், நல்ல மனிதர், தாள்களைப் புரட்டிவிட்டு இவ்வளவு நன்றாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று தெலுங்கில் சொன்னார். ஆய்வுக் குழுவின் முன்னால் முதல் அறிக்கை வைக்க ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். என் கணவர் பள்ளி ஆசிரியர். சித்தூர் பேருந்து நிலையத்தில் வண்டியிலிருந்து இறக்கிவிடும்போது, "ஹால் டிக்கெட்டு எடுத்துக்கினியா?" என்று கேலி செய்தார். எடுத்துக்கினேன், பென்சில் பாக்ஸும் எடுத்துக்கினேன் என்றேன்.

பேருந்தில் கூட்டம். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. இரண்டு வரிசை முன்னால், நின்றுகொண்டிருந்த ஒருத்தி பையை மேலே வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். இடது கையாலேயே தூக்குகிறாள், அது சரிகிறது, மறுபடியும் இடது கையாலேயே தூக்குகிறாள். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. கடைசியில் வேறு யாரோ வாங்கி வைத்தார்கள். முகம் திரும்பியபோது பார்த்தேன், என் நோயாளி. குடிபாலா பக்கம், இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறவள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஐந்து நாள் முன்னால்தான் அவளுக்குக் கடைசி அளவு எடுத்தேன். என் மடியில் இருந்த கோப்பில் அவளுக்கு வலி இரண்டு என்று இருந்தது. கை காதைத் தொடும் தூரம் போகிறது என்றும் என் கையெழுத்தில் இருந்தது.

கோப்பைத் திறந்து அந்த எண்ணை மறுபடி பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் புதலப்பட்டில் இறங்கியதும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எங்காவது விழுந்தீர்களா, கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒன்றுமில்லை, எப்போதும்போலத்தான் என்றாள். எப்போதும்போல என்றால் என்ன என்று நான் விடாமல் கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கோச்சுக்காதம்மா. உனுக்குப் பரீட்சைன்னு சொன்னியே. நாங்க வலிக்குதுன்னு சொன்னா நீ ஃபெயிலாயிடுவியேன்னுதான்..."

"நாங்கன்னா யாரு?"

"எல்லாந்தான். வெளிய பெஞ்சில குந்திக்கினு பேசிக்குவோம். அளவெடுக்கிற அன்னிக்கு மட்டும் காலையில வலி மாத்திரை ரெண்டு போட்டுக்கினு வருவோம். பல்லக் கடிச்சுக்கினு தூக்கினா தூக்கிடலாம். பத்துக்கு ரெண்டுக்கு மேல யாரும் சொல்லக்கூடாதுன்னு அந்த வாத்தியாருதான் சொல்லி வெச்சாரு."

பத்துக்குப் பத்து போட்ட அதே தலைமை ஆசிரியர். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பரீட்சை எழுதப் போன எனக்கு ஒரு பெஞ்சு நிறைய ஜனங்கள் சேர்ந்து விடை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக வலியை விழுங்கியிருக்கிறார்கள். வாயைக் கொடுத்து அவர்களை அதில் மாட்டிவிட்டவள் நான்தான். அவளிடம் கோபம் இல்லை என்று சொல்லி, மாத்திரையை அப்படி டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது, சிறுநீரகத்துக்கு ஆகாது என்று மட்டும் சொன்னேன். சரி என்றாள். மகளுக்குக் கொண்டுபோகும் முறுக்கில் இரண்டை எடுத்து, துன்னும்மா என்று என் கையில் வைத்தாள். என்னால் அதை வாயில் வைக்க முடியவில்லை.

சந்திரகிரி தாண்டியபோது மணி பத்து. எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. கோப்பில் இருப்பதை அப்படியே வைத்தால் பாராட்டோடு வெளியே வரலாம். பெஞ்சில் நடந்தது திருப்பதியில் யாருக்கும் தெரியப்போவதில்லை. என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை, அந்த வழியையும் நான் நன்றாகவே யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தேழு ஆகப்போகிறது, மறுபடி எட்டு மாதம் யார் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை. எட்டு மாதம் பரீட்சைக்காகப் பொய் சொன்னார்கள், சரி. அதற்கு முன்னால் இருபத்தொரு வருடம்? அப்போதும், பாவம் நல்ல மேடம், அவ்வளவு பாடுபடுகிறாள் என்று நினைத்து நல்லாயிருக்குதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்களா? என் கைராசி என்பது அவர்களுடைய நல்ல மனசு மட்டும்தானா? என் முறை வேலை செய்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது என்பது அந்தப் பேருந்தில்தான் எனக்கு உறைத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி ஒருவர் கையில் சொம்பைக் கொடுக்க என்னால் முடியாது.

பதினொரு மணிக்குக் குழுவின் முன்னால் எழுந்து நின்று, இந்தக் கோப்பில் இருக்கும் எதுவும் செல்லாது என்று சொன்னேன். பரீட்சை என்று நான் சொன்ன வரியையும் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். என் வழிகாட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. வலியை விட்டுவிடலாம், கோண அளவுகளையாவது வைத்துக்கொள்ளலாமே என்று எனக்காக வாதாடினார். மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கிய கை சார், அதுவும் செல்லாது என்றேன்.

"மள்ளீ மொதலா, மேடம்?" மறுபடியும் முதலிலிருந்தா என்று கேட்டார், கிட்டத்தட்ட கெஞ்சுகிற குரலில்.

"அவுனு சார். மொதலிலிருந்து," என்றேன், பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும்.

ஒரே ஒரு முறை கால நீட்டிப்பு உண்டு, அதைக் கொடுத்தார்கள். அதற்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து. அன்று மாலை திரும்பும்போது கணவர் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார். பாஸா என்று கேட்டார். நானே என்னை ஃபெயில் போட்டுக்கினு வந்தேன் என்றேன். நடந்ததை வண்டியில் வரும்போது சொன்னேன். வீடு வரும்வரை அவர் கேலி செய்யவில்லை.

இந்த முறை அளவெடுக்கும் வேலை என்னிடம் இல்லை. மாடி அறையில், எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிரிவிலிருந்து வந்த இளம் பெண் ஒருத்தி அளந்தாள். யாருக்கு என் முறை, யாருக்கு வழக்கமான முறை என்று அவளுக்குத் தெரியாது. இது யாருடைய படிப்பு என்று புதிதாகச் சேர்த்த நோயாளிகளுக்கும் தெரியாது. சம்மதம் வாங்குவதும் வேறொருவர் வேலை. படிவத்தில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்று நானே விதி போட்டேன். அன்றைக்கு மாத்திரை சாப்பிட்டார்களா என்ற கேள்வி முதல் வரியாகச் சேர்ந்தது. தாள்களை உறையில் போட்டு ஒட்டி நேராகத் திருப்பதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

வலி எப்படி இருக்கிறது என்று என் நோயாளியிடம் நான் கேட்கக் கூடாது. இருபத்திரண்டு வருடம் காலையில் வந்ததும் முதலில் கேட்ட கேள்வி அது. வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன். சொம்பைக் கொடுத்துவிட்டு மாடு எப்படி இருக்கிறது, மாங்காய் என்ன விலை போகிறது என்று பேசினேன். மேடத்துக்கு என்னவோ ஆயிப்போச்சு, முன்னே மாதிரி விசாரிப்பதில்லை என்று பெஞ்சில் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. இருந்தாலும் கேட்கவில்லை. பஸ்ஸில் படித்தேன், சமையலறையில் படித்தேன், புள்ளியியலில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினேன். நேர்காணலில் என் வயதைக் கேட்டவர் ஒருநாள் தாழ்வாரத்தில் நின்று, மேடம், நீங்கள் விடமாட்டீர்கள் போல என்றார். விடுவதாக இல்லை என்றேன்.

உறைகளை வழிகாட்டியின் அறையில் பிரித்தோம். இரண்டு நாள் கணக்குப் பார்த்தோம். என் முறை வேலை செய்கிறது. ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அளவுக்குத்தான். சர்க்கரை இல்லாதவர்களுக்கும், புதிதாக வந்தவர்களுக்கும் நன்றாகக் கேட்கிறது. பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கு என் சொம்பும் ஒன்றுதான், வழக்கமான சிகிச்சையும் ஒன்றுதான். அவர்களுடைய கை முழுதாக மேலே போகவில்லை. இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேரிடம், நாலு மாசத்துல சரியாயிடும், விடாம செய்யுங்க என்று நான் அடித்துச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. வழிகாட்டி கை கொடுத்தார். உண்மையான முடிவு மேடம், இது நிற்கும் என்றார்.

முடிவுரையை எழுதி முடித்த அடுத்த வாரம் குடிபாலாக்காரி சிகிச்சைக்கு வந்தாள். முதல் சுற்றில் இருந்தவள் என்பதால் புதிய ஆய்வில் அவள் இல்லை. வழக்கம்போல வந்துகொண்டிருந்தாள். உட்கார வைத்து அவளிடம் சொன்னேன். அக்கா, உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கிறதால இந்தக் கை இதுக்கு மேல ஏறாது, வலியைக் குறைக்கலாம், பால் கறக்க வேறு மாதிரி உட்காரச் சொல்லித்தருகிறேன், ஆனால் பழையபடி ஆகாது, இதை நான் முன்பே தெரிந்துகொண்டு சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

"அப்படின்னா என் மேல தப்பு இல்லியா? நீ சொன்னத நான் சரியா செய்யல, அதான் ஏறலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்மா. வெக்கமா இருந்துச்சு. உனுக்குப் பரீட்சைன்னு சொல்றதுக்கு முன்னாடியே ஒரு வருஷமா நல்லாயிருக்குதுன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அக்கா என்று சொன்னேன்.  அன்று அவளுக்கு இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பால் கறப்பது எப்படி என்று ஒரு முக்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து, எழுதி வைத்திருந்த முடிவுரை முழுவதையும் அழித்தேன். முதல் வரியாக, கை ஏறாதபோது அது நோயாளியின் குறை அல்ல என்பதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று எழுதி, அங்கிருந்து மறுபடி தொடங்கினேன்.