மூன்றாம் பாகக் கட்சி

எனக்கும் என் மச்சானுக்கும் இடையே சொத்துத் தகராறு கிடையாது. தகராறு பண்ண முதலில் சொத்து வேண்டும். எங்களுக்குள் இருந்ததெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் எந்தப் பாகம் சிறந்தது என்ற சண்டைதான். அதைப் பதினைந்து வருடமாக, சொத்துக்குச் சண்டை போடுகிறவர்களின் ஈடுபாட்டோடு நடத்தி வந்தோம்.

மச்சான் என்றால் மாமா மகன். பூண்டுலோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகளில், அவன் காம்பராவும் என் காம்பராவும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் அம்மா "நூறு" என்பார். அவன் விளையாடும்போது அரக்கன் செத்தானா, இவன் செத்தானா என்பது சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் இவன்தான்.

அந்த விளையாட்டு வரிசையில் ஆறு பாகங்கள் வந்திருக்கின்றன. ஆறிலும் கதை ஒன்றுதான். ஒரு ராஜ்ஜியம் இருக்கும். அதை அழிக்க ஒரு சூனியக்காரனோ பறக்கும் நாகமோ கிளம்பி வரும். ராஜாவிடம் கோட்டை கொத்தளம், குதிரைப்படை எல்லாம் இருக்கும். ஆனால் அவர் போயும் போயும் ஆடு மேய்க்கிற ஒருவனைக் கூப்பிட்டு, துருப்பிடித்த கத்தி ஒன்றைக் கையில் கொடுத்து, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவார். நிர்வாகம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள்தான் இதைச் செய்திருக்க வேண்டும்.

முதல் பாகத்தில் ஆட்கள் எல்லாம் கட்டம் கட்டமாக இருப்பார்கள். எது மரம், எது மந்திரி என்று பக்கத்தில் போய் முட்டினால்தான் தெரியும். அதுதான் மூலம், அதுதான் வேர் என்று கும்பிடுகிறவர்கள் உண்டு. கும்பிடட்டும், என்னை விளையாடச் சொல்லாமல் இருந்தால் சரி. இரண்டாம் பாகத்தை எங்கள் தோட்டத்தில் யாரும் முடித்ததில்லை. ஒரு பாலத்துக்கு வந்ததும் அப்படியே உறைந்துவிடும். அந்தப் பாலத்தைக் கடக்கும் மந்திரத்தைத் தேடி நானும் மச்சானும் மூன்று மாதம் காடு மேடெல்லாம் அலைந்தோம். சீடியில் கீறல் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான்காம் பாகம் முழுக்கக் கடல். மலையில் பிறந்து, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தடவை கடலைப் பார்த்துவிட்டு வந்த எங்களிடம் கப்பலைக் கொடுத்தால் என்ன ஆகும்? சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தோம். ஆறாம் பாகத்துக்கு இணையம் வேண்டும். எங்களுக்கு நல்ல சிக்னல் கிடைப்பது கோயில் பாறைமேல். கம்ப்யூட்டரை அங்கே தூக்கிக்கொண்டு போகலாம்தான், பாறையில் கரண்ட் கிடையாது.

ஆக மிச்சம் இருந்தவை மூன்றும் ஐந்தும். நான் மூன்றாம் பாகக் கட்சி. அவன் ஐந்து.

மூன்றாம் பாகத்தில் நான்கு தோழர்கள். கடைசி வரைக்கும் நான்கு பேரும் சேர்ந்தேதான் நடப்பார்கள். ஒருத்தர் வாசலைத் தாண்டினால் மற்ற மூவரும் வந்து சேரும் வரைக்கும் கதவு மூடாது. ஒருத்தர் விழுந்தால் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். காலையில் ஊர்த்தலைவர் எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து, உனக்கு அந்தக் குகை, உனக்கு இந்தக் காடு என்று வேலை பிரித்து அனுப்புவார். காலையில் பெரட்டுக் களத்தில் யாருக்கு எந்த மலையில் கொழுந்து என்று பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் அம்மாவுக்கும்தான். ஒரு நாள் நான் குகைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே செத்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, "பாவம், அரப்பேருதான் போடுவாங்க" என்றார். பாதி நாளில் வேலையை விட்டு வந்தவர்களுக்குத் தோட்டத்தில் கிடைப்பது அரைப்பேர், பாதி நாள் சம்பளம். வீர மரணத்துக்கு அதைவிடச் சரியான மதிப்பீட்டை நான் இன்னும் கேட்கவில்லை.

மச்சானுக்கு மூன்றாம் பாகம் என்றாலே சிரிப்பு. அதில் சண்டை முறை வைத்துத்தான் நடக்கும். நாம் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாகமும் காத்திருந்து, தன் முறை வந்ததும் நெருப்பைக் கக்கும்.

"ஆஸ்பத்திரில நம்பர் எடுத்துட்டு ஒக்காந்திருக்க மாதிரி இருக்கு மச்சான் ஒன் நாகம்" என்பான்.

அவனுடைய ஐந்தாம் பாகத்தில் தோழர்கள் கட்டாயம் இல்லை. தனியாகத் திரியலாம். ராஜா சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பள்ளத்தாக்கையே எழுதிக் கொடுத்து, உனக்குப் பிடித்த மாதிரி வீடு கட்டிக்கொள் என்பார்கள். உலகம் அழியப் போகிறது, இவர் ஜன்னலுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருப்பார். இதை நான் சுவருக்கு மேலாக எத்தனையோ தடவை கத்திச் சொல்லியிருக்கிறேன். பதிலுக்கு அந்தப் பக்கம் ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். விளையாட்டில்தான்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை. போட்டோக்கொப்பி, பிரிண்ட், போன் ரீலோட், அதோடு சிங்களத்தில் வரும் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது. எங்கள் தோட்டத்து ஆட்கள் கடைக்குக்கூட வருவதில்லை. வீட்டுக்கே வந்து, கடைசியில் போட வேண்டிய கையெழுத்தை முதலிலேயே போட்டுவிட்டு, வெற்றுப் படிவத்தைத் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்றதை நான் நிரப்பிக்கொள்வேன். என்ன எழுதினாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. என் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன வருடம் புதிய வீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. அதிசயத்திலும் அதிசயமாக, எந்த வீடு வேண்டும் என்று விருப்பத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வீதியோரத்தில் இரட்டை வீடுகள் பன்னிரண்டு. இரண்டிரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். மேலே தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் தனி வீடுகள் இரண்டு, பதின்மூன்றும் பதினான்கும். மேட்டில் ஏற வேண்டும் என்பதால் அந்த இரண்டையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்த பிறகு மாற்ற முடியாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மச்சான் வழக்கம்போல் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தான். "நல்லதா பாத்துப் போடு மச்சான்" என்றான். நான் நல்லதாகத்தான் பார்த்துப் போட்டேன். அவனுக்கு ஏழு, எனக்கு எட்டு. ஒரே சுவர். இரண்டு படிவங்களும் பௌர்ணமி கழிந்து வரும் திங்கட்கிழமை தோட்டத்து ஆபீசில் கொடுப்பதற்காக என் பையில் இருந்தன.

அதே நாட்களில்தான் எங்கள் சண்டைக்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தோம். ஒருத்தர் பாகத்தை மற்றவர் இரண்டு வாரம் ஆட வேண்டும்; ஏளனம் பண்ணாமல் ஆட வேண்டும்; பௌர்ணமிப் போயா லீவு நாளில் தீர்ப்பு. அவன் என் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போனான். நான் அவனுடைய ஐந்தாம் பாகத்தை வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. இதை அவனிடம் ஒப்புக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. ராஜாவை மறந்துவிட்டு, கல் உடைத்தேன், மரம் வெட்டினேன். பள்ளத்தாக்கில் ஆறு ஓடியது. ஆற்றோரத்தில் எனக்கு ஒரு வீடு கட்டினேன். வழியில் சேர்ந்த ஒரு வில்லாளனுக்கு எங்கே தங்க இடம்? என் சுவரை ஒட்டியே இன்னொன்று கட்டினேன், ஒரு சுவர் மிச்சம்தானே. அப்புறம் ஒரு மருத்துவச்சி வந்தாள், ஒரு கொல்லன் வந்தான். இரண்டு வாரத்தில் என்னையும் சேர்த்து ஆறு குடும்பங்களுக்கு இடம் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் பொதுவாக முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய். இவன் இத்தனை வருடமாக ஒரே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறான், நான் ஒரு ஊரையே கட்டிவிட்டேன் என்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

போயா அன்று மதியம் மச்சான் வந்தான். வெளியே மழை. அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தார். நான் திரையை அவன் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, புரையேறும் வரைக்கும் சிரித்தான்.

"என்னாடா?"

"மச்சான், லயம் கட்டி வச்சிருக்க."

நான் பார்த்தேன். ஆறு காம்பரா. ஒரே நீளக் கூரை. முன்னால் வரிசையாக இஸ்தோப்புத் திண்ணை. ஒரு பொதுக் குழாய்.

"ஆறு, காடு, மல எல்லாத்தையும் ஒனக்குன்னு குடுத்திருக்கான். நீ லயம் கட்டியிருக்க. தொர பங்களாவ எங்க கட்டப்போற?"

அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். எனக்குத்தான் அது விளையாட்டாகப் படவில்லை. ஏனென்றால் பள்ளத்தாக்குக்கு மேலே, ஆற்றைப் பார்த்த மாதிரி இருந்த நல்ல மேட்டை நான் தொடாமல் அப்படியே விட்டு வைத்திருந்தேன். யாருக்காக விட்டேன் என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. பாட்டன் காலத்திலிருந்து துரை பங்களா நிற்கும் மேடு நமக்கில்லை என்று கைக்கே பழகியிருக்கிறது போல.

"ஒன்னோடதக் காட்டு பாப்போம்" என்றேன். ரோஷம்தான்.

அவன் சட்டைப்பையிலிருந்த பென் டிரைவைச் செருகி, தன் ஆட்டத்தைத் திறந்தான். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவன் வீட்டைப் பார்த்தேன். மலை உச்சியில் ஒற்றை வீடு. நான்கு பக்கமும் ஜன்னல். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி. பாட்டையும் நிறுத்தி வைத்திருந்தான். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இதுல என்னா செய்வ?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒக்காந்திருப்பேன்."

மச்சானுக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் ரூமில் வேலை. எட்டு மணி நேரம் மெஷின் இரைச்சல். அது முடிந்து வீட்டுக்கு வந்தால் அவன் அப்பாவின் இருமல், என் அம்மாவின் "நூறு", சுவருக்கு மேலாக என் இலக்கிய விமர்சனம்.

"சத்தமே இல்ல பாரு" என்றான். அப்படியே திரும்பி, சாதாரணமாகக் கேட்டான். "நம்ம ஃபோம்ல மேல உள்ளதுதான போட்ட? அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கம்? யாரும் கேக்கலன்னாங்க, அதான் கட்டாயம் கெடைக்கும்னு நானும் ஒண்ணும் சொல்லல."

பொய் எனக்கு நன்றாக வரும். கடையில் ஒரு நாளைக்கு இருபது தடவை மெஷின் ரிப்பேர் என்று சொல்கிறவன் நான். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவன் போன பிறகு மாற்றியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஏனோ எழுந்து போய்ப் பையைத் திறந்து, இரண்டு படிவங்களையும் அவன் முன்னால் வைத்தேன்.

சிங்களம் அவனுக்குப் பேச வரும், வாசிக்க வராது. ஆனால் எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே. ஏழைப் பார்த்தான். எட்டைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"நீ கேக்கவே இல்லையே மச்சான்."

"நல்லதா பாத்துப் போடுன்ன."

"எது நல்லதுன்னு கேக்கலையே."

எந்தப் பாகம் நல்லது என்று இவனோடு பதினைந்து வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். உனக்கு ஐந்து ஏன் பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, என் சுவரிலிருந்து இவன் தள்ளிப் போகப் பார்க்கிறான் என்பது வலித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் பேனாவை எடுத்தேன்.

ஏழு என்பதை வெட்டிப் பதின்மூன்று என்று எழுதினேன். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அவன் கையெழுத்து வேண்டும். பேனாவை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"மேல இருந்து வாசி" என்றான்.

வாசித்தேன். அவன் பேர், அவன் அப்பா பேர், தோட்டத்தின் பேர், வேலை, அடையாள அட்டை எண், வீட்டு எண் பதின்மூன்று. அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் அவனுக்கே தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தான். கடைசியில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

பிறகு என் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான்.

"ஒனக்கு எட்டு ஏன் போட்ட? வீதிக்குக் கிட்ட, அத்தைக்கு நடக்க லேசுன்னா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல காரணம்தான், எனக்கு அது தோன்றவே இல்லை.

"நீ ஏழுல இருப்பன்னுதான்" என்றேன்.

அவன் படிவத்தையும் பேனாவையும் திருப்பி என்னிடமே தந்தான். "ஒனக்கு எது நல்லதுன்னு பாத்துப் போடு" என்றான்.