பத்தாவது துணி

பேய், ஆவி என்று யாராவது கதையெடுத்தால் எழுந்து தேநீர் போடப் போகிற ஆள் நான். கோயிலுக்குப் போகிறவன்தான், செத்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறவன்தான், ஆனால் செத்தவர்கள் பிறகும் நம்மோடு வேலை செய்வார்கள் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அன்றைய குளிர், யார் வந்தார்கள், எந்தப் புத்தகத்தை முடித்தேன், எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டேன் என்று எல்லாமே நேரத்தோடு இருக்கும். அதில் ஒரு சனவரி மாத வியாழக்கிழமைப் பக்கத்தில், 'பிற்பகல் 2.20, அக்காவின் குரல்' என்று எழுதியிருக்கிறது. நீங்கள் நம்பவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. எழுதும்போது எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை, நேரம் மட்டும் சரியாகத் தெரியும்.

என் தொழில் என்னவென்று முதலில் சொல்கிறேன். சத்திரசிகிச்சை முடித்த வைத்தியர்கள், என்ன செய்தோம் என்பதை வாயால் சொல்லி ஒலிப்பதிவு செய்வார்கள். அதை லாசால் என்ற புறநகரில் உள்ள என் தொடர்மாடி வீட்டின் சின்ன அறையிலிருந்து நான் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவேன். சொல்லும்போது இலகுவான வேலைபோலத் தோன்றும், அப்படியில்லை. ஒருவர் நடந்துகொண்டே சொல்வார், ஒருவர் முகமூடியைக் கழற்றாமல் சொல்வார், ஒருவர் பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்வார். விளங்காத சொல்லுக்கு வேகத்தைக் குறைத்துக் கேட்போம், அதே வைத்தியரின் பழைய அறிக்கைகளைத் திறந்து ஒப்பிடுவோம். மூன்று தரம் கேட்டும் பிடிபடாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பதிவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து அனுப்பவேண்டும். ஊகித்து எழுதக்கூடாது. இதுதான் எங்கள் தொழிலின் முதல் கட்டளை.

ஆனால் எங்களுக்கு ஒரு சோம்பலும் உண்டு. எல்லா அறிக்கையிலும் வருகிற வாக்கியங்களை விசைப்பலகையில் இரண்டெழுத்துக்குள் அடக்கி வைத்திருப்போம், தட்டினால் முழு வாக்கியமும் வந்து விழும். அதில் ஒன்று, ஏறக்குறைய ஒவ்வொரு சத்திரசிகிச்சை அறிக்கையின் முடிவிலும் வருவது: துணிகள், ஊசிகள், கருவிகள் யாவும் எண்ணப்பட்டன, எண்ணிக்கை சரி.

இனி அக்காவைப் பற்றி. றெஜினா அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவ. மன்னாரில் சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதியாகப் பதினொரு வருடம் வேலை செய்தவ. புலம்பெயர்ந்து இங்கே வந்தபிறகு அந்த வேலைக்குப் போக முடியவில்லை. சான்றிதழ்கள் இடப்பெயர்வில் போய்விட்டன, பிரெஞ்சுப் பரீட்சையில் இரண்டு தடவை தவறிவிட்டா, மூன்றாவது தடவை எழுதவில்லை. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ரொட்டி சுடுகிற ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் பாண் பொதிசெய்தா. யாரிடமும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை, எதையும் எண்ணாமல் ஓரிடத்தை விட்டு எழும்பமாட்டா. என் வீட்டில் சாப்பிட்டு முடிந்தால் கரண்டிகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவா.

"தம்பி, இஞ்ச வா. நான் எண்ணுறன், நீ பார்."

"கரண்டி களவெடுக்கவே அக்கா ஆக்கள் வந்தவை? உங்கட புருசனும் பிள்ளையளும்தானே வந்தது."

"களவில்லையடா விசரா. ரெண்டு பேர் பாக்காட்டி அது எண்ணிக்கை இல்லை. ஒராள் எண்ணோணும், மற்றாள் பாக்கோணும்."

"ஓம் ஓம், சரியாத்தான் இருக்கு."

"நீ பாக்கேல்லை. புத்தகத்தை வைச்சிட்டுத் தலையைத் தூக்கிப் பார்."

அவ எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. ஐந்து வரை எண்ணி ஒரு சின்ன மூச்சு எடுப்பா, பிறகு ஆறிலிருந்து தொடங்குவா. சத்திரசிகிச்சைக் கூடத்தில் இரத்தம் ஒற்றுகிற கோஸ் துணிகள் ஐந்து ஐந்தாகக் கட்டி வருமாம், அந்த முறையாம். பிள்ளைகள் அவவைப் போலச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், ஒருநாளும் நான் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. 'சரி' என்று மட்டும் சொல்வேன், அவவும் அதை ஏற்றுக்கொண்டு கரண்டிகளை எடுத்து வைப்பா.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாண் நகர்ந்து வருகிற ஓடுபட்டிக்குப் பக்கத்திலேயே அக்கா விழுந்துவிட்டா. மூளையில் இரத்தக்கசிவு. நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த வியாழக்கிழமை. வெளியில் சைபருக்குக் கீழே இருபத்திரண்டு, பகல் வெளிச்சம் பனியில் பட்டுக் கண் கூசியது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இருட்டில்தான் இப்படியானவை நடக்கும் என்று நினைப்பீர்கள், அது நல்ல வெயில் நேரம். வந்த பதிவு ஒரு குடல் சத்திரசிகிச்சை, நோயாளி ஐம்பத்து மூன்று வயதுப் பெண். வைத்தியசாலையின் பெயரையும் வைத்தியரின் பெயரையும் சொல்லமாட்டேன். இந்த வைத்தியர் எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர், எங்களுக்குள் அவரை 'பிஸ்கட்' என்றுதான் சொல்வோம். அன்றைக்கும் ஆறு இடங்களில் சொற்கள் பிடிபடவில்லை. நான்கைப் பழைய அறிக்கைகளை வைத்துக் கண்டுபிடித்தேன், ஒன்றை வெறுமையாக விட்டேன். மிச்சம் இருந்தது கடைசி வாக்கியம். அதில் அவர் வாய்க்குள்ளேயே எதையோ சொல்லி முடிக்கிறார், ஒரு சொல்லும் தெளிவில்லை. வேகத்தைக் குறைத்தேன்.

அப்போதுதான் பதிவில் அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு. ஒரு சின்ன மூச்சு. ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது.

அவ்வளவுதான். பத்து வரவில்லை. காத்திருப்பது போல ஓர் இடைவெளி, பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி ஒன்பதில் நின்றது. வேகத்தைக் குறைத்தால் வைத்தியரின் குரல் தடித்து இழுபட்டது, அந்தக் குரல் மட்டும் அக்கா என் மேசையருகில் நின்று எண்ணுவது போல அதே வேகத்தில் இருந்தது. ஏழு தடவை கேட்டேன், ஏழு தடவையும் ஒன்பதுதான். காதொலிக்கருவியைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். துக்கத்தில் மனிதருக்கு இப்படியெல்லாம் கேட்கும் என்று எத்தனையோ புத்தகங்களில் வாசித்திருக்கிறேன், அதுதான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து உட்கார்ந்து, கட்டளைப்படி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கவேண்டும், விடவில்லை. அந்த வைத்தியரின் பழைய அறிக்கைகள் எல்லாமே ஒரே வாக்கியத்தோடுதான் முடிகின்றன, இதுவும் அதுதான் என்று இரண்டெழுத்தைத் தட்டினேன். எண்ணிக்கை சரி. அனுப்பிவிட்டு அன்றைக்கு வேலையை நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிறு பூசையில் அக்காவுக்காகச் செபிக்க முழந்தாளிட்டேன், செபம் வரவில்லை, ஒன்பது வரை எண்ணுவது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ரேவதிக்குத் தொலைபேசி எடுத்தேன். ரேவதி சென்னைக்காரர், இதே நகரத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிறார், எங்கள் அறிக்கைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை.

"என்ன சார், திங்கக்கிழமை காலங்காத்தால? பிஸ்கட் சாரா?"

"ஓம், அவர்தான். வியாழக்கிழமைப் பதிவு. கடைசி அரை நிமிசத்தைக் கேட்டுச் சொல்லுங்கோ, பின்னால பொம்பிளைக் குரல் ஏதும் கேக்குதோ?"

"பொம்பளைக் குரலா? இருங்க." கேட்டார். "இல்லையே சார். ஏதோ மெஷின் ஓடற சத்தம்தான். உங்களுக்கு மட்டும் கேக்குதுன்னா நாம டாக்டர் கிட்ட போகணும், இவர் கிட்ட இல்ல, வேற டாக்டர் கிட்ட."

நான் சிரிக்கவில்லை. அவரும் பகிடியை விட்டுவிட்டார். இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம். பொம்பளையை விடுங்க. இவர் கடைசில என்ன சொல்றார்? எனக்கு ஒண்ணுமே புரியல. நீங்க எண்ணிக்கை சரின்னு போட்டிருக்கீங்க. காதுல கேட்டுச்சா?"

"அவர் எப்பவும் அப்பிடித்தானே முடிக்கிறவர்."

"அது எனக்கும் தெரியும். கேட்டுச்சா?"

"இல்லை."

ரேவதி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் சனிக்கிழமை பார்த்தப்பவே பிடிச்சிருக்கணும். நானும் படிச்சிட்டுத் தாண்டிட்டேன்," என்றார். வைத்தியரும் வெள்ளிக்கிழமையே கையெழுத்து வைத்திருந்தார். ஒரே வாக்கியத்தை மூன்று பேர் வாசித்திருக்கிறோம், ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்பதே கால் மணிக்கு, கடைசி வாக்கியம் பதிவில் தெளிவில்லை, எண்ணிக்கையைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும் என்ற குறிப்போடு அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது.

புதன்கிழமை பிற்பகல் இன்னொரு பதிவு என் வரிசையில் வந்து விழுந்தது. யாருக்கும் வந்திருக்கலாம், எனக்குத்தான் வந்தது. அதே வைத்தியர், அதே ஐம்பத்து மூன்று வயதுப் பெண். ஞாயிறு இரவிலிருந்து கடும் காய்ச்சல். திங்கட்கிழமை எக்ஸ்ரே. வயிற்றுக்குள் ஒரு கோஸ் துணி. செவ்வாய் காலை மறுபடி திறந்து எடுத்திருக்கிறார்கள். சீழ் பிடித்து, குடலில் ஒரு முழ நீளத்தை வெட்டவேண்டி வந்திருக்கிறது, அந்தப் பெண் இனிமேல் வயிற்றின் பக்கவாட்டில் மலம் சேரும் ஒரு பையோடுதான் வாழவேண்டும், கொஞ்சக் காலமோ கடைசிவரையோ தெரியாது. உயிருக்கு ஆபத்தில்லை.

எக்ஸ்ரே எடுத்தது எங்கள் குறிப்பாலா காய்ச்சலாலா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: வியாழன் 2.20 இலிருந்து திங்கள் 9.15 வரை. அக்கா சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் தலையைத் தூக்காமல் 'சரி' என்றேன். அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. வயது தெரியும், வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்பது அங்குலம் பிசகாமல் தெரியும். காய்ச்சலில் அந்த இரண்டு இரவையும் யார் பக்கத்திலிருந்து பார்த்தார்கள் என்பது தெரியாது.

அந்த இரண்டாவது பதிவில் வைத்தியர் எதையும் மெல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவு. எண்ணிக்கை இரண்டு தடவை, இரண்டு தாதிகள் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டது என்று முடித்தார். நான் பின்னால் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒன்றுமில்லை. ஒருதரம் பத்து வரை எண்ணி முடிப்பா, அதைக் கேட்டுவிட்டு 'பார்த்திட்டன் அக்கா' என்று சொல்லவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன், சிரிப்பீர்கள், வாயைத் திறந்தபடிதான் இருந்தேன். பதிவின் இரைச்சல் மட்டும் ஓடியது.

அறிக்கை முடிந்தபிறகும் பதிவை நிறுத்த அவர் மறந்திருக்கவேண்டும். நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம். பிறகு அவர், என்னிடம் இல்லை, அறையில் யாரிடமோ, களைத்த குரலில் கேட்கிறார்: "வெளியில் யார் அது எண்ணிக்கொண்டிருப்பது?"

கதவு திறக்கிற சத்தத்தோடு பதிவு அறுந்துபோகிறது.

துணிதான் கிடைத்துவிட்டதே, பிறகு அக்கா எதை எண்ணிக்கொண்டிருந்தா? வைத்தியர் அறையில் இருப்பவர்களோடு பேசுவது அறிக்கையில் சேராது, அதனால் அந்தக் கேள்வியை நான் தட்டச்சு செய்யவில்லை, நாட்குறிப்பில் மட்டும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். எழுதுவதற்கு முன் அந்தக் கடைசி விநாடிகளை இருபது தடவையாவது கேட்டிருப்பேன், வேகத்தைக் குறைத்தும் கூட்டியும். அவருக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.