பிபிஏவுக்கு எந்த ஸ்டேட்?

மகளுக்கு பிபிஏ படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று பெங்களூரில், இன்னொன்று வேலூர் பக்கம். இரண்டுமே இல்லை என்றிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு மூன்றாவதைத் தேடியிருப்போம். இரண்டும் கிடைத்துத் தொலைத்ததால் என் தூக்கம் போனது. வெள்ளிக்கிழமைக்குள் எது என்று சொல்லியாக வேண்டும். பதறுவதில் எனக்கு ஷிஃப்ட் கணக்கு கிடையாது. மூன்று ஷிஃப்டும் நானே பார்த்துவிடுவேன்.

கர்நாடகாவில் இருக்கும் எங்கள் தங்க வயலில் இருந்து இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தூரம். பெங்களூர் என்றால் ரயில். விடிவதற்குள் ரயில் ஏறி, அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, இருட்டியபின் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். மகளும் என்னோடு வந்து என்னோடு திரும்பலாம். வேலூர் என்றால் ஹாஸ்டல். ராத்திரி நான் திரும்பும்போது வீட்டில் மகள் இருக்க மாட்டாள். இவ்வளவுதான் விஷயம். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பிளேஸ்மென்ட், சிலபஸ், தண்ணீர், கொசு என்று காரணங்களை அடுக்கினேன். வேலூர் வெயிலைப் பற்றி நான் பேசியதைக் கேட்டிருந்தால் வேலூர்க்காரர்களே ஊரைக் காலி செய்திருப்பார்கள்.

"வேலூர் வேணாம்னு நீங்கதான் முடிவு பண்ணிட்டீங்களே. அப்பறம் இன்னாத்துக்கு அவள அங்க இட்டுனு போறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நேர்ல பாத்துட்டு வேணாம்னு சொன்னாதான நியாயம்?"

"நல்லா இருக்குது உங்க நியாயம்" என்று எங்கள் இருவருக்கும் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் பஸ் ஏறினோம். கர்நாடகாவில் கிளம்பி, ஆந்திராவில் டீ குடித்து, தமிழ்நாட்டில் இறங்கினோம். அங்கே கடைப் பலகைகள் எல்லாம் தமிழில் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல வந்த இடம்தான். ஆனாலும் நம்ம ஜனம், நம்ம பாஷை. கல்லூரி அலுவலகத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டே நுழைந்தேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "எந்த ஸ்டேட்டுங்க?"

"நாங்க தமிழுங்க."

"அது நீங்க பேசறதுலயே தெரியுதுங்க சார். ஸ்டேட் எதுன்னு கேட்டேன்."

"எங்க தாத்தா இந்தப் பக்கத்துல இருந்துதாங்க மைனுக்கு வேலைக்குப் போனாரு. அப்பாவும் அண்டர்கிரவுண்டுதான். வீட்ல, சர்ச்சுல, கடையில எல்லாம் தமிழ்தாங்க..."

"கர்நாடகா, மேம்" என்றாள் மகள்.

"அதர் ஸ்டேட்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அந்த அம்மாள். என் தாத்தா, அப்பா, சர்ச்சு எல்லாவற்றையும் இரண்டே சொல்லில் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "லாங்குவேஜ் தமிழ்தானே?" என்றார்.

"பின்ன வேற இன்னாங்க?" என்றேன் நான்.

மகள் என் சட்டையை இழுத்தாள். "ப்பா, எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது."

தெரியாதுதான். ஒன்றாம் வகுப்பில் இருந்து அவள் படித்தது கன்னடமும் இங்கிலீஷும். வீட்டில் வாய் ஓயாமல் தமிழில் சண்டை போடுகிறவளுக்கு அதை எழுதத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தங்க வயல்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய மறதி இது.

"பரவால்லம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குத் தனி கிளாஸ் இருக்கு. அ, ஆவுல இருந்து சொல்லித்தருவாங்க" என்றார் அந்த அம்மாள், அன்பாகவே.

வேண்டாம் என்று சொல்ல வந்தவனை அவர்களே வெளியாள் என்று சொல்லிவிட்டால் சந்தோஷம்தானே வரவேண்டும்? எரிச்சல்தான் வந்தது. அதைத் திரும்பும் வழியெல்லாம் புளிசாதத்தின் மீது காட்டினேன். "பாத்தியா? காலேஜுக்குப் போய் அ, ஆ படிக்கப் போறியா?" என்றேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவளை என் ரயிலில் ஏற்றினேன். எங்கள் பெட்டியில் தினமும் வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஏறுகிறவர் கைக்குட்டைகளைப் போட்டு மற்றவர்களுக்கு இடம் பிடிப்பார். பிறகு நால்வர் முழங்காலில் பேப்பரை விரித்துச் சீட்டாட்டம் தொடங்கும். மகள் எங்களோடு மூன்று வருடம் வரப்போகிறாள் என்று போன வாரமே அறிவித்திருந்தேன். அவளிடம் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை.

"வாம்மா! உனக்கு ஜன்னல் சீட்டு. மூணு வருசத்துக்கும் புக் பண்ணியாச்சு" என்றார் ஆட்டத்தின் தலைவர். நாள்தோறும் தோற்றுக்கொண்டே தலைவராக இருப்பவர். "உங்கப்பனுக்குத்தான் இனிமே சீட்டு இல்ல. நிக்கட்டும், தொப்பை கொறயும்."

நின்றேன். பங்காருப்பேட்டையில் ஏறிய கூட்டத்துக்குப் பிறகு நிற்பதற்கு முயற்சியே தேவைப்படவில்லை. நாலு பக்கமும் ஜனம் தாங்கிப் பிடித்துக்கொண்டது.

பெங்களூர் கல்லூரியில் என் கன்னடத்தை எல்லாம் திரட்டிப் பேசினேன். கவுன்ட்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீவு தமிள்நாடா சார்?" என்றார். மகள் சிரிப்பை அடக்க முகத்தை மூடிக்கொண்டாள். கேட்டால் கர்நாடகம், வாயைத் திறந்தால் தமிழ்நாடு. எங்களுக்கென்று ஒரு ஸ்டேட்டைப் பிரித்துக் கொடுத்தால்கூட அங்கேயும் ஒரு கவுன்ட்டர் வைத்து என்னைத்தான் முதலில் வெளியே நிறுத்துவார்கள் போலிருந்தது.

மத்தியான ரயிலில் திரும்பினோம். பெட்டி காலி. எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"ப்பா, காலையில நீங்க நின்னுக்கினே தூங்கிட்டீங்க, தெரியுமா?"

"அது ஒரு திறமை."

"எனக்கு அந்தத் திறமை வேணாம்பா."

"அவங்க உன்ன அதர் ஸ்டேட்டுன்னு சொல்றாங்க..."

"சொல்லிட்டுப் போட்டும். அ, ஆ கத்துக்க எனக்கு மூணு மாசம் போதும். நின்னுக்கினே தூங்கக் கத்துக்க உங்களுக்கு எவ்ளோ வருசம் ஆச்சு?"

பிளேஸ்மென்ட் என்றேன், சிலபஸ் என்றேன், கொசு என்றேன். மூன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. என்னிடம் மிச்சமிருந்த ஒரே காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"வீட்ல நான் இல்லன்னா அம்மாகூட சண்ட போட ஆள் இல்லன்னு பயமா?" என்றாள்.

"பயமா? எனக்கா?"

அவளே வேலூருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். சேர்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில், ஹாஸ்டல் கேட்டை எப்போது மூடுவார்கள், ஜன்னலில் வலை உண்டா, ரசத்தில் காரம் எப்படி என்று நான் கேட்டுக்கொண்டே போக, மகள் போனைப் பிடுங்கி, "நாளைக்கு வந்து சேர்ந்துடறோம் மேம்" என்று முடித்துவிட்டாள்.

வீடு வரைக்கும் அவளோடு பேசக்கூடாது என்று எழுந்து வாசல் பக்கம் போனேன். பெட்டி முழுக்க இடம் காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே வந்தேன்.