ஒன்பது விடைத்தாள்களும் ஓர் உதவி மையமும்

பணி ஓய்வு பெற்ற பிறகும் எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அடியில் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள், எந்தத் தேதியில் என்றுதான் முதலில் பார்க்கிறேன். இதை நோய் என்கிறாள் மனைவி. முறை என்கிறேன் நான்.

தாமிரபரணிக் கரையில் தன்னாட்சி பெற்ற ஒரு கல்லூரியில் புள்ளியியல் துறைத்தலைவராக இருந்தேன். தேர்வு முறைகேடு விசாரணைக் குழுவிலும் நெடுங்காலம் உறுப்பினர். அந்தக் குழு பயன்படுத்தும் படிவம் நான் வரைந்தது.

ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கையில் கல்லூரியில் ‘கற்றல் உதவி மையம்’ திறந்தார்கள். நூலகத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறை. பெஞ்சுகளை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டினார்கள். பாடத்தில் தடுமாறும் இளங்கலைப் பிள்ளைகளுக்கு, முதுகலை படிப்பவர்கள் மாலையில் சொல்லிக்கொடுப்பார்களாம். அதற்காக ஒவ்வொரு துறையும் பாடத்திட்டம், வகுப்புக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்கார வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

வணிகவியல் துறைத்தலைவர் அதைக் கையில் பிடித்தபடி என் அறைக்கு வந்தார். எனக்கு ஒரு வருடம் மூத்தவர்.

“வே, அந்த ரூம்ல என்ன நடக்கப்போவுதுன்னு ஒமக்குத் தெரியுமா?”

“பாடம் நடத்துவாங்க.”

“நம்ம நடத்துனது புரியலைன்னு புள்ளைங்க அங்கன போய்ச் சொல்லும். ஒருத்தன் உக்காந்து எழுதிக்கிடுவான். எந்த சார் கிளாஸ்ல இருந்து எத்தனை பேரு வாராங்கன்னு மேல போவும்.”

“ஒமக்குப் பயமா வே?”

“எனக்கென்ன பயம்? மொத பேரு ஒம்ம பேரால்லா இருக்கும்.”

சிரித்துக்கொண்டே போனார். நான் சிரிக்கவில்லை. பாடத்திட்டத்தை மட்டும் அனுப்பினேன். அது இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். மற்றவை இரகசியம் என்ற பொருளில் ‘மந்தணம்’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். வாரம் ஒரு மணி நேரம் பற்றி எதுவும் எழுதவில்லை. பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை நினைவூட்டல் கடிதம் வரும்வரை கேட்டதாகவே கொள்ள வேண்டியதில்லை.

அந்தப் பருவத்தின் இரண்டாவது உள்தேர்வில் எனக்கு அகப்பட்டது அந்த 63.

வினாத்தாளில் எடைகளின் பட்டியல் ஒன்று கொடுத்திருந்தேன். ஐந்தாவது எண் 36. ஒன்பது விடைத்தாள்களில் அது 63 என்று இருந்தது. அது மட்டும் என்றால் கண் தவறியது என்று விட்டிருப்பேன். ஆனால் பட்டியலில் 63 எழுதிய அந்த ஒன்பது பேரும் கூட்டுத்தொகையை 36 இருந்தால் என்ன வருமோ அப்படியே எழுதியிருந்தார்கள். கூட்டிப் பார்த்து எழுதியவர் ஒருவருமில்லை. எங்கோ எழுதப்பட்டிருந்த விடையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து இறக்கியிருக்கிறார்கள். அப்படியானால் வினா முன்கூட்டியே வெளியே போயிருக்கிறது.

உதவி மையத்தின் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது பேரும் அதில் இருந்தார்கள். களக்காட்டில் இருந்து பஸ்ஸில் வரும் மூன்று பேர், ஏழு மணி ஆனாலும் பரவாயில்லை என்று அங்கே இருந்திருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் சொல்லிக்கொடுத்தவள் ஒருத்தியே. என் துறையிலேயே எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்த, மேலப்பாளையத்துப் பெண். என் அறை வாசலில் தினமும் நடமாடுகிறவள். எனக்கு வேறென்ன வேண்டும்?

புகார் எழுதினேன். குற்றம் நிரூபணமானால் அவளுடைய கடைசிப் பருவத் தேர்வு முடிவை நிறுத்திவைப்பார்கள். பி.எட். சேர்க்கைக்கு அவள் இடம் வாங்கி வைத்திருந்தாள். முடிவு வராவிட்டால் அந்த இடம் போய்விடும். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் கையெழுத்திட்டேன்.

விசாரணைக்கு வணிகவியல்காரர்தான் தலைவர். புகார் கொடுத்தவர் குழுவில் உட்காரக் கூடாது என்ற விதியையும் நானே எழுதியிருந்ததால், எனக்குச் சுவரோரமாகத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள்.

அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடியபடி நின்றாள்.

“சார், கேள்வி என்ன வரும்னு எனக்குத் தெரியாது. அது வெளியில ஜெராக்ஸ் கடையில விக்கிற நோட்டு. டிபார்ட்மெண்ட்ல இருந்து நோட்ஸ் எதுவும் தரலை. பிள்ளைங்க அதைத்தான் வாங்கிட்டு வருதாங்க. அதுல அந்தக் கணக்கு 63ன்னு இருக்கு. தப்புன்னு நான் சொன்னேன். அவங்க நம்பலை.”

“ஏன் நம்பலை?” என்றார் தலைவர்.

“இந்த சார் கையெழுத்துப் போட்ட நோட்டாம். நீங்க சொல்லுததுதான் தப்புங்காங்க. எது சரின்னு கேட்டு சாருக்கே லெட்டர் குடுத்தேன் சார். தேர்வுக்கு ஒரு மாசம் முந்தி.”

அப்படி ஒரு கடிதம் எனக்கு வரவில்லை. இந்த இடத்தில் எவரும் பொய்தான் சொல்வார்கள் என்பதும் என் அனுபவம். தபால் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பதிவேட்டில் இல்லாத கடிதம் உலகத்தில் இல்லை என்று நானே ஒரு பணியாளர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

தபால் பிரிவுக் கிளார்க் பக்கத்தைப் புரட்டி வைத்தார். கடிதம் இருந்தது. பெற்றுக்கொண்டதற்கான சுருக்கொப்பமும் இருந்தது.

“என்ன வே, இது ஒம்ம கையெழுத்து மாதிரில்லா இருக்கு?” என்றார் தலைவர். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போலி என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பிறகு எழுந்து என் துறைக்குப் போய் அலமாரியைத் திறந்து, ‘பொது’ என்று எழுதிய கோப்பை எடுத்தேன். கடிதம் அங்கே இருந்தது. ஓரத்தில், துறைத்தலைவர்கள் பயன்படுத்தும் பச்சை மையில், ‘பார்த்தேன். கோப்பில் வைக்க’ என்று என் கையெழுத்து. பார்த்திருக்கிறேன். படிக்கவில்லை.

அதனுடன் நோட்டுப் பக்கத்தின் நகல் ஒன்றும் இணைத்திருந்தாள். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த யாரோ ஒரு பிள்ளையின் நோட்டு. வாரத்துக்கு ஒரு முறை எல்லா நோட்டுகளையும் வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வழக்கம். ஐந்தாவது வரிசையில் 63, கூட்டுத்தொகை மட்டும் 36க்கு உரியது. அடியில் என் ஒப்பம். பலகையில் நான் மாற்றி எழுதினேனா, அந்தப் பிள்ளை மாற்றி எழுதிக்கொண்டதா என்று தெரியாது. பிள்ளைதான் என்று இப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சரிபார்த்தவன் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அதே கணக்கைச் சோம்பலில் வினாத்தாளில் போட்டவன் யார் என்பதிலும் இல்லை.

விசாரணை அறைக்குத் திரும்பிப் போய்க் கடிதத்தைத் தலைவர் மேசையில் வைத்தேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

“படிவத்துல அதுக்கு இடம் இல்லையே வே. நீரு போட்ட படிவந்தானே?”

உண்மைதான். புகார் செய்யப் பன்னிரண்டு கட்டங்கள் வைத்திருந்தேன், திரும்பப் பெற ஒன்றுகூட இல்லை. பின்பக்கத்தில் கையால் எழுதினேன்: வினா வெளியாகவில்லை. பிழை புள்ளியியல் துறைத்தலைவர் ஒப்பமிட்ட நோட்டில் உள்ளது. அதைச் சுட்டிக்காட்டிய கடிதத்தை அவர் படிக்கவில்லை. தேதியிட்டுக் கையெழுத்திட்டேன். அவள் அதை வாங்கி முழுவதும் படித்தாள். பிறகு என்னிடம் நகல் கேட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

அடுத்த வாரம் உதவி மையத்துக்குப் போனேன். அவள் பதிவேட்டை நீட்டினாள்.

“வந்த நேரம் போடுங்க சார். போகும்போதும் போடணும்.”

போட்டேன். ஒன்பது பேரும் இருந்தார்கள். அந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, ஐந்தாவது எண் 36, நோட்டில் இருப்பது தவறு என்றேன். யாரும் பேனாவை எடுக்கவில்லை. களக்காட்டுப் பெண் ஒருத்தி பைய எழுந்தாள்.

“சார், இது பரீட்சைக்கா, இல்ல எங்கள சோதிக்கதுக்கா?”

“கூட்டிப் பாருங்கட்டீ,” என்றாள் மேலப்பாளையத்துப் பெண், என்னைப் பார்க்காமலே.

கூட்டினார்கள். நோட்டில் இருந்த தொகையே வந்தது. எட்டுப் பேர் திருத்திக்கொண்டார்கள். எழுந்து கேட்டவள் மட்டும் 36ஐ எழுதி, பக்கத்தில் இருந்த 63ஐ அடிக்காமல் விட்டுவைத்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் நோட்டை மூடிக்கொண்டாள்.

அந்தப் பருவத்தின் தேர்வு முடிவுகள் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தன. அறிவிப்புப் பலகையில் மேலப்பாளையத்துப் பெண்ணின் பதிவெண்ணை நானே தேடிப் பார்த்தேன். இருமுறை.